நீலத்துல எடமில்லீங்க

உங்க ஊர்ல வோல்டேஜ் எப்படிங்க தம்பி?

தப்பா நெனைக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரரைப் பாத்தா எந்த ஊரு, என்ன வேலைனு கேக்கறதுதான் மொறை. எனக்கு இந்த மூணு மாசமா வாயைத் தொறந்தா வோல்டேஜுதான் வருது. பேரு சென்னியப்பனுங்க. கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். இதே ரோட்ல எத்தனையோ வருசம் விசில் ஊதியிருக்கேன். நீங்க உக்காந்திருக்கறது டயருக்கு மேல இருக்கற சீட்டு, முட்டி இடிக்கத்தான் செய்யும். பையைத் தூக்கி மேல வெச்சுட்டு இப்படி ஒருக்களிச்சு உக்காந்துக்குங்க. ஆங், அப்படித்தான்.

எங்கூடு கரூருக்கு இந்தப் பக்கம், செல்லாண்டியம்மன் நகர். பேருதான் நகரு. டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கோடியில, நாங்க இந்தக் கோடியில. வழியில இருக்கற ஊடெல்லாம் குடிச்சது போக மிச்சம் சொட்டறதுதான் எங்க தெருவுக்கு. பொழுது சாஞ்சா டியூப்லைட்டு கண்ணடிக்கும். ஃபேன் றெக்கையை ஒண்ணு, ரெண்டு, மூணுனு எண்ணலாம். மிக்ஸி சட்னி அரைக்காது, அழுவும். அதையெல்லாம் நாங்க ஒரு கொறையா நெனைச்சதே இல்லீங்க. எம் பொண்ணு தாரணி பிரசவத்துக்கு வந்தப்பத்தான் கொறையே தெரிஞ்சுது.

ஒரே பொண்ணு. கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன், பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி. அவங்கம்மா, அதான் எங்க சம்மந்தியம்மா, அவரு பேச்சையும் சேத்துப் பேசிடுவாங்க. மாசி மாசம் பேத்தி பொறந்தா. ஆசுபத்திரியில குழந்தையைக் கையில வாங்கிப் பாத்துட்டு சம்மந்தியம்மா சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க, "வெயில் காலமாச்சுங்களே அண்ணா. தாரணி எங்கூட்ல ஏசியிலயே இருந்து பழகினவ. பாப்பாவுக்கு ஒத்த வேர்க்குரு வந்தாலும் நான் வந்து கூட்டிட்டுப் போயிருவனுங்க."

சிரிச்சிக்கிட்டே சொன்னாங்கன்னு நான் ஏமாறுவனுங்களா? எத்தனை பேரு சிரிச்சிக்கிட்டே டிக்கெட் வாங்காம எறங்கப் பாத்திருக்காங்க.

தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு மூணாம் மாசம் வரைக்கும் அம்மா ஊட்ல இருக்கறது எங்க பக்கத்து வழக்கம் தம்பி. அந்த மூணு மாசம்தான் நமக்கு. அதுக்கப்பறம் அவ அந்தூட்டுக்காரி. பொங்கலுக்கு வருவா, நோம்பிக்கு வருவா, வந்த அன்னிக்கே கடைசி பஸ் எத்தனை மணிக்குனு எங்கிட்டயே கேப்பா. அதனால இந்த மூணு மாசத்துல ஒரு நாளையும் நான் விட்டுக்குடுக்கறதா இல்லீங்க. தாரணி குழந்தையா இருந்தப்ப எனக்கு ஹால்ட்டு டூட்டி, ராத்திரி வெளியூர்லயே தங்கறது. அவ தூங்கறப்ப கெளம்பி, தூங்கறப்ப வருவேன். பேத்தியையாச்சும் முழிச்சிருக்கறப்பப் பாக்கோணும்னு ஆசை. ஆசைதான், வேற என்னத்தைச் சொல்ல.

ஏசி வாங்கிட்டேன்.

மாட்ட வந்தவரு, "உங்க ஏரியாவுக்கு ஸ்டெபிலைசர் இல்லாம ஆகாதுங்க"ன்னாரு. அதையும் மாட்டினாரு. பாத்திருப்பீங்களே, சுவத்துல ஒரு டப்பா, அதுல செவப்பு நம்பர் ஓடும். மத்தியானம் போட்டமுங்க, ஊட்டி தோத்துது. பொழுதோட விளக்கு வெக்கற நேரம் ஆச்சு. நம்பர் எறங்குது. நூத்தித் தொண்ணூறு, நூத்தி எம்பது, நூத்தி அறுவது... டொக்! நின்னு போச்சு. செத்த நேரம் கழிச்சு மறுபடி ஓடுச்சு, மறுபடி டொக். வெயில்ல வெந்த சுவரெல்லாம் சூட்டைக் கக்கறது அந்த நேரத்துலதான், ஏசி படுத்துக்கறதும் அந்த நேரத்துலதான். அன்னியிலிருந்து நான் ஒரு ஸ்டூலைப் போட்டு டப்பாவுக்கு எதுத்தாப்புல உக்காந்துட்டேன். எங்கூட்டுக்காரி துளசிமணி வந்து எட்டிப் பாத்தா. "பேத்தியைப் பாக்கறேன் பேத்தியைப் பாக்கறேன்னீங்க, டப்பாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறீங்க"ன்னா. அவளுக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாதுங்க.

எலக்ட்ரீசியன் ஜமால் தம்பியைக் கூப்பிட்டேன். அவரு மீட்டர் போர்டைத் தொறந்து ஒரு திருகு சுவிட்சைக் காட்டினாரு. ஊடு கட்டினப்பவே வெச்சது, எங்க தெருவுல ஏசி இருக்கற எல்லா ஊட்லயும் இருக்கறதுதான். செவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு ஃபேஸு. "உங்க தெருவே செவப்புல தொங்குதுங்கய்யா, நீலத்துல ஆளே இல்ல"ன்னாரு. எனக்கு டக்குனு புரிஞ்சு போச்சு. ஒரே ரூட்டு, மூணு பஸ்ஸு. எல்லாரும் மொதல் பஸ்ஸுல படியில தொங்கறாங்க, மூணாவது பஸ்ஸு காலியா வருது! நீலத்துக்குத் திருப்பினாரு. இருநூத்திப் பதினஞ்சு! ஏசி பூனைக்குட்டியாட்ட உறுமிக்கிட்டே ஓடுச்சு பாருங்க, நான் ஸ்டூல்லயிருந்து எந்திரிக்கவே இல்ல. சந்தோசத்துல.

இந்த மாதிரி ஒரு விசயத்தை வெளிய சொல்லுவமுங்களா? நான் மூச்சு விடலீங்க. குழந்தைவேலு வாத்தியாருக்கு மட்டும் சொன்னேன். அவரு எதுத்த ஊடு, பெரிய மனுசன், வயசுக்கு ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா? "வாத்தியாரே, நீலம். உங்களோட இருக்கட்டும்"னேன். எங்க தெரு பேக்கரி லோகநாதன்கிட்டச் சொன்னது கணக்குல வராது. அவரு கடைக்கு ரொட்டி வாங்கப் போனப்ப, "என்னங்க மொகம் தெளிவா இருக்கு"ன்னு அவரா கேட்டாரு, பொய் சொல்ல முடியுமுங்களா? அப்பறம் பியூட்டி பார்லர் சகிலா. அது எங்கூட்டுக்குப் பக்கத்து ஊடு, பொண்ணு மாதிரி. பொண்ணுகிட்டச் சொல்றதை வெளிய சொன்னதாவா எடுத்துக்கறது? அப்பறம் கோயில்ல ரெண்டு பேரு. சாமி சன்னதியில கேட்டாங்க. அவ்வளவுதானுங்க. இதுக்கு மேல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

ஒரு வாரங்கூட ஆகல. பொழுதோட நீலம் எறங்குது. இருநூறு, நூத்தி எம்பது, டொக்! வாசல்ல வந்து நின்னு காதைக் குடுத்துக் கேட்டேன். தெரு முச்சூடும் ஏசிப் பெட்டி கர்ருங்குது. எல்லாரும் நீலத்துல ஏறிட்டாங்க! செவப்புல ஆளில்ல, மஞ்சள்ல ஆளில்ல. எப்படித்தான் வெளிய போச்சோ தெரியல. இந்தக் காலத்துல நம்பி ஒருத்தருகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியறதில்ல தம்பி. துளசிமணி மட்டும் கதவுல சாஞ்சுக்கிட்டு, "யாரோ விசில் ஊதிட்டாங்களாட்ட இருக்குது"ன்னு சொல்லிட்டுப் போனா. என்னத்தை மனசுல வெச்சு சொன்னாளோ.

சரி, கூட்டத்தை அடக்கறதுக்கு எனக்கா தெரியாது? ஞாயித்துக்கெழமை எல்லாரையும் எங்கூட்டு வாசல்ல கூட்டினேன். "படியிலயே நின்னா எப்படிங்க? உள்ள எடம் இருக்குது, நகந்து போங்க. நீலத்துல எடமில்லீங்க. வாத்தியாரு செவப்புக்குப் போயிடுங்க, லோகநாதன் மஞ்சளு, சகிலா செவப்பு"ன்னு ஆளாளுக்குப் பிரிச்சு விட்டேன். எல்லாரும் மண்டையை ஆட்டினாங்க. வாத்தியாரு, "இதுதான் நிர்வாகம்"னு எந்தோளைத் தட்டினாரு.

அன்னிக்குப் பொழுதோட என்ன நடந்துதுங்கறீங்க? தெருவே செவப்புக்குப் போயிடுச்சு! ஏன்னு கேளுங்க. ஒவ்வொருத்தரும், மத்தவங்க சொன்ன பேச்சைக் கேக்க மாட்டாங்க, நீலத்துலயேதான் கெடப்பாங்க, நாம செவப்புல காலாட்டிக்கிட்டு படுத்துக்கலாம்னு நெனைச்சிருக்காங்க. மறுநாளு அத்தனை பேரும் மஞ்சளு. அதுக்கு மறுநாளு நீலம். ஆட்டு மந்தை தோத்துது போங்க. நானும் சும்மா இருக்கல, என் கை போர்டுலயேதான் இருந்துது. நான் திருப்பற ஃபேஸுக்கெல்லாம் பின்னாடியே வந்தாங்க, இல்ல அவங்க போற ஃபேஸுக்கெல்லாம் நான் போனனோ, அது எனக்கு இன்னும் வெளங்கல.

இதுக்கு நடுவுல பாப்பா கழுத்துல செவப்பா நாலு பொரி.

தாரணி கண்டுக்கவே இல்ல. "ஒண்ணுமில்லப்பா, பால் வடிஞ்சிருக்கும்"ன்னா. நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேனுங்க. அன்னிக்குனு பாத்து போன்ல மொகம் பாத்துப் பேசறப்ப, சம்மந்தியம்மா கண்ணுல அது பட்டுடுச்சு. அவங்க கண்ணு சாதாரணக் கண்ணு இல்லீங்க. "நாளைக்குப் பொழுதோட வர்றேன். தாரணி துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கட்டும்"னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. அப்பக் குழந்தைக்கு ஒரு மாசந்தான் முடிஞ்சிருக்குது. இன்னும் ரெண்டு மாசம் எம் பேத்தி என்னோடது. எனக்குச் சோறு எறங்கல தம்பி.

மறுநாளு காத்தாலயே சட்டையை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கினேன். செவப்பு மஞ்சளெல்லாம் பேசல. "இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் உங்க ஏசியை நிறுத்தி வெச்சுக்குங்க. சம்மந்தியம்மா வர்றாங்க. எங்கூட்டு ஏசி நிக்காம ஓடுச்சுன்னா எம் பொண்ணு இன்னுங் கொஞ்ச நாள் எங்கிட்ட இருப்பா"ன்னேன். எத்தனையோ ஆயிரம் பேரை அதட்டின வாயி, வாத்தியார் ஊட்ல கெஞ்சுச்சு. வாத்தியாரு உடனே எந்திரிச்சுப் போயி அவரு ஏசி ஸ்டெபிலைசர் சுவிட்சை எங்கண்ணு முன்னாலயே அணைச்சுட்டு வந்தாரு. லோகநாதன், "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த மஞ்சளுக்கே போயிருப்பேன்"னாரு. சகிலா, "அப்பா, பார்லரையே பூட்டிடறேன், போங்க"ன்னுச்சு.

பொழுதோட சம்மந்தியம்மா கார்ல வந்து எறங்கினாங்க. கையில ஒரு பெட்டி. நேரா ஏசி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். டப்பாவுல நம்பரைப் பாக்கறேன், இருநூத்தி முப்பது! எங்க தெருவுல அந்த நம்பரை யாரும் பாத்ததே இல்லீங்க. ஏசி கும்முனு ஓடுது. பதினெட்டுல வெச்சேன். "பாருங்க சம்மந்தி, எப்பவும் இப்படித்தான் இருக்கும்"னேன். துளசிமணி இருமினா. குழந்தைக்குக் குளிர் ஆகாதுன்னு, தூக்கிட்டுப் போயி ஹால்ல சேலைத் தொட்டில்ல போட்டா. எப்பவுமே அவ அப்படித்தான், நான் டப்பாவைப் பாத்துக்கிட்டிருக்கறப்பவெல்லாம் குழந்தை அந்தத் தொட்டில்லதான் கெடந்துச்சாம். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சம்மந்தியம்மா ஒரு வாய் காப்பி குடிச்சிருக்க மாட்டாங்க, வாசல்ல செருப்புச் சத்தம். வாத்தியாரும் அவரு சம்சாரமும். "ஊட்ல இருக்க முடியலீங்க, ஒரே புழுக்கம். உங்க ஏசியில செத்த உக்காந்துட்டுப் போலாம்னு..." அவங்க ஊட்டு ஏசியை நிறுத்தச் சொன்னவன் நானு, வாங்கன்னுதான சொல்லோணும்? அடுத்து லோகநாதன், குடும்பத்தோட, கையில சூடா தேங்காய் பன்னு. அடுத்து சகிலா, பார்லருக்கு வந்த ரெண்டு பொம்பளைங்களையும் இழுத்துக்கிட்டு. அப்பறம் கோயில்ல கேட்ட ரெண்டு பேரும். கட்டல்ல அஞ்சு பேரு, கீழ பாயில அஞ்சாறு பேரு, கதவுகிட்ட ஆளு. எங்க பஸ்ஸுல தீபாவளிக்கு முந்தின நாளு கூட அந்தக் கூட்டத்தை நான் பாத்ததில்ல. கதவைத் தொறந்து தொறந்து மூடினதுல குளிரு எங்க நிக்கறது? ஏசி பாவம் அதும் பாட்டுக்கு ஓடுது, எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது. சம்மந்தியம்மா நடுவுல மாட்டிக்கிட்டாங்க, முந்தானையில விசிறிக்கறாங்க. போச்சு, கதை முடிஞ்சுதுனு நான் டப்பாவைப் பாத்துக்கிட்டே நிக்கறேன்.

சகிலா குழந்தையைத் தொட்டில்லயிருந்து எடுத்துட்டு வந்து கழுத்தைத் தொடச்சுக் காட்டுச்சு. "இது வேர்க்குரு இல்லீங்கம்மா, பால் வடிஞ்ச எடம். இங்க பாருங்க, தொடச்சு வெச்சதுல செவப்பு அடங்கிடுச்சு." வாத்தியார் சம்சாரம் அவங்க சம்மந்திச் சண்டையை எடுத்து விட்டாங்க. அதுக்கு எங்க சம்மந்தியம்மா அவங்க நாத்தனாரைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க. லோகநாதன் எதையோ சொல்ல, சிரிப்பு வெடிச்சுது. சம்மந்தியம்மா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிக்கறாங்க தம்பி. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இந்தப் பக்கம் பன்னு, அந்தப் பக்கம் குழந்தை கை மாறி கை மாறிப் போகுது. ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல.

எல்லாரும் போனதுக்கப்பறம் சம்மந்தியம்மா தாரணியைப் பாத்து, "துணியெல்லாம் திருப்பி பீரோவுல வெச்சுடு கண்ணு, மூணாம் மாசம் கழிச்சே வா"ன்னாங்க. அப்பறம் எங்கிட்ட, "எங்க அபார்ட்மென்ட்ல பக்கத்து ஊட்டுக்காரங்க பேருகூட எனக்குத் தெரியாதுங்க அண்ணா"ன்னாங்க. அதாவது, உங்க ஏசி நல்லா ஓடுதுங்கறதை நேரா சொல்றதுக்கு அவங்களுக்குக் கவுரவம் எடம் குடுக்கல. அதான் சுத்தி வளைச்சு என்னமோ சொல்றாங்க. நான் புரிஞ்சுக்கிட்டேன். இருநூத்தி முப்பது வோல்ட்டைக் கண்ணால பாத்துட்டு வேற என்னத்தைச் சொல்ல முடியும்?

துளசிமணிகிட்ட இதைச் சொன்னா, "ஆமாமா, உங்க வோல்டேஜுதான் அவங்களைச் சிரிக்க வெச்சுது"ன்னு தலையில அடிச்சுக்கறா.

இதுல வேடிக்கை என்னன்னா, கூட்டிட்டுப் போக வந்தவங்க பெட்டியைத் தொறந்து அவங்க சேலையையும் எங்க பீரோவுல அடுக்கிட்டாங்க. ஒரு வாரம் இருந்தாங்க. பொழுதோட சகிலா ஊட்டு வாசல்ல, வாத்தியாரு ஊட்டு வாசல்லன்னு ஒரே பேச்சுதான். ஏசி ரூமுல யாருமே இல்ல. நான்தான் கரண்டு வீணாப் போகக்கூடாதுனு உள்ள உக்காந்திருந்தேன். அப்பறம் அதுவும் சலிச்சுப் போயி, ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து தொட்டிலுக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டேன். பாப்பா என்னைப் பாத்து மொத மொதல்ல சிரிச்சா பாருங்க. பொக்கை வாயி. கரண்டே இல்லாத நேரம் அது, ஊடெல்லாம் வெளிச்சமாத் தெரிஞ்சுதுங்க.

மூணாம் மாசம் முடிஞ்சுது. போன மாசக் கடைசியில கூட்டிட்டுப் போயிட்டாங்க. வழக்கம் வழக்கம்தானுங்களே. கார்ல ஏத்தி விட்டுட்டு உள்ள வந்தா ஊடு வெறிச்சுனு கெடக்குது. தொட்டில் கட்டின கொக்கி மட்டும் மேல தொங்குது. துளசிமணி அடுப்படியில மூக்கை உறிஞ்சறா, நான் இந்தப் பக்கம். தெனமும் பொழுதோட தாரணிக்குப் போன் போட்டு, "அங்க வோல்டேஜ் எப்படி அம்மிணி?"னு கேப்பேன். "நல்லா இருக்குப்பா"ம்பா. எனக்கு எரிச்சலா வரும். ஒரு நாளாவது கொறையக் கூடாதா? அப்படி என்ன ஒழுங்கு அந்த ஊருக்கு?

இப்ப எங்க போறீங்கன்னு கேக்கறீங்களா? கோயமுத்தூருக்குத்தானுங்க தம்பி, அங்கதான். நேத்து பொழுதோட சம்மந்தியம்மாவே கூப்பிட்டாங்க. "அண்ணா, எங்க அபார்ட்மென்ட்டுக்கு வர்ற கேபிளு எங்கயோ பழுதாயிடுச்சாட்ட இருக்குதுங்க. ரெண்டு நாளா ஒரே லோ வோல்டேஜு. ஏசி ஓடறதே இல்ல. லிஃப்ட்டு நடுவுல நிக்குது. பாப்பா ஒரே சிணுங்கல்"னாங்க. நான் நெம்ப வருத்தப்பட்டுப் பேசினேன், ஆனா பக்கத்துல நின்ன துளசிமணி எம் மொகத்தைப் பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டா. அடுத்தவங்க ஊட்ல வோல்டேஜ் எறங்கினதுக்கு இம்புட்டு சந்தோசப்பட்ட மனுசன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். "வெயில்ல குழந்தையை வெச்சுக்கிட்டு எதுக்குங்க சிரமப்படறீங்க, நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன்"னேன். அப்பறம், "நானும் வரட்டுங்களா அண்ணா? சகிலா மருதாணி வெச்சு விடறேன்னு சொல்லிச்சு"ன்னாங்க. வாங்க வாங்கன்னேன். எல்லாரும் வாங்க.

இன்னிக்கு மத்தியானம் கேபிளைப் பாக்கறதுக்கு ஆளு வர்றாங்களாமா. எனக்கு முன்னாடி அந்த மனுசன் போய்ச் சேந்துடக் கூடாதுங்க தம்பி.